வாழ்த்திலிருந்து கிரேக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரில் நான் குடியேறிச் சில ஆண்டுகள் ஆகின்றன. படிக்கவும் வேலைக்கும் கிரேக்கம் வரும் நம்மவர்கள், வருவதற்கு முன்பே மொழியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் எனப் பலரும் கேட்ட கேள்விகள்தான் இவை. அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

படிக்குமுன் ஒரு குறிப்பு. கிரேக்கச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். அழுத்தம் விழும் உயிரை நெடிலாகவும் மற்றதைக் குறிலாகவும் எழுதியிருக்கிறேன். நெடிலைக் கண்டால் அங்கே குரலை உயர்த்துங்கள். ஊர்ப் பெயர்களும் வரலாற்றுப் பெயர்களும் நமக்குப் பழகிய வடிவிலேயே இருக்கும்.

முதல்ல எழுத்தைக் கத்துக்கணுமா, பேச்சைக் கத்துக்கணுமா?

எழுத்துக்கு ஒரு வாரம் கொடுங்கள், போதும். அந்த வாரத்திலேயே பேச்சையும் தொடங்கிவிடுங்கள். எதிலிருந்து தொடங்குவது என்றால், என் பதில் எப்போதும் ஒன்றுதான்: வாழ்த்துகளிலிருந்து. பாடப்புத்தகம் "நான் மாணவன்" என்று தொடங்கும். அதை ஒருவரிடம் ஒரு முறைதான் சொல்ல முடியும். "கலிமேர" என்ற காலை வணக்கத்தை மதியத்துக்குள் பத்துப் பேரிடம் சொல்வீர்கள்.

கிரேக்கர்களுக்கு நாள், வாரம், மாதம், பருவம், பயணம், புதுச்சட்டை, முடிவெட்டு என எல்லாவற்றுக்கும் ஒரு வாழ்த்து உண்டு. எந்த நேரத்தில் எதைச் சொல்வது என்பது வழக்கத்தில் தீர்மானமாகிவிட்டது. அதனால் தொடக்க நிலையில் இருப்பவரும் பிழையில்லாத முழு வாக்கியத்தை முழுத் தைரியத்தோடு சொல்லிவிடலாம். இலக்கணமும் அந்த வாழ்த்துக்குள்ளேயே இருக்கிறது. அது எப்படி என்பதைக் கீழே "கலோ, கலீ" கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

24 எழுத்துதானேன்னு உட்கார்ந்தேன். பார்த்தா இங்கிலீஷ் மாதிரி இருக்கு, படிச்சா வேற சத்தம் வருது. எப்படிச் சமாளிக்கிறது?

ஆங்கிலக் கண்ணால் பார்ப்பதுதான் சிக்கல். ஆங்கிலப் "பி" போல இருப்பது இங்கே ர. "எச்" போல இருப்பது இ. பெரிய "பி" என்று நாம் நினைக்கும் இரண்டு வயிற்று எழுத்து வ. இந்த மூன்றையும் கடைப் பலகைகளில் தேடித் தேடிப் படித்தாலே பாதிக் குழப்பம் தீரும். இ ஒலிக்கு மட்டும் பல எழுத்துகளும் எழுத்துக் கூட்டங்களும் உண்டு. படிக்கும்போது எல்லாம் ஒரே இ என்பதால் கவலை வேண்டாம். எழுதும்போதுதான் மனப்பாடம் தேவைப்படும். கேள்விக்குறியும் வேறு: ஆங்கில அரைப்புள்ளியைத்தான் அவர்கள் கேள்விக்குறியாக வைக்கிறார்கள்.

தமிழருக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பீரில் வரும் ப ஒலிக்குக் கிரேக்கத்தில் தனி எழுத்து இல்லை. ம-வையும் ப-வையும் சேர்த்து எழுதுவார்கள். ந-வும் த-வும் சேர்ந்தால் தக்காளியை அவர்கள் சொல்லும் "தொமாதெஸ்" என்ற சொல்லின் முதல் ஒலி வரும். மெல்லினம் முன்னால் நின்றால் வல்லினம் அதிர்ந்து ஒலிக்கும் என்பது நமக்குப் பிறவிப் பழக்கம். "பம்பரம்" என்பதில் முதல் ப-வையும் இரண்டாவது ப-வையும் நாம் வேறுவேறாகத்தானே சொல்கிறோம்? அதே கணக்குதான்.

நம்ம நாக்குக்கு இந்த உச்சரிப்பு வருமா?

வரும். "அது" என்று சொல்லும்போது நடுவில் வரும் மெல்லிய த-தான் அவர்களுடைய தெல்தா. "பகல்" என்று பேச்சில் சொல்லும்போது தொண்டையில் உரசும் க அவர்களுடைய காமாவுக்கு மிக அருகில் இருக்கிறது. தீட்டாவுக்கு மட்டும் நாக்கு நுனியைப் பற்களுக்கு நடுவே வைத்துக் காற்றை விட வேண்டும். இந்தப் பக்கத்தில் தெல்தா, தீட்டா, சாதாரண த என எல்லாவற்றுக்கும் த ஒன்றையே எழுதியிருக்கிறேன். சரியான ஒலியைக் காதால் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

"நே"ன்னா ஆமாவா, இல்லையா? ஒவ்வொரு தடவையும் குழம்புது.

"நே" என்றால் ஆமாம். "ஓஹி" என்றால் இல்லை. ஆங்கிலம் பழகிய காதுக்கு "நே" மறுப்பாகக் கேட்கும். அதை மறக்க இரண்டு மாதமாவது ஆகும். "ஓஹி" மறக்கவே மறக்காது. 1940 அக்டோபர் 28 அன்று இத்தாலியின் முசோலினி விடுத்த இறுதி எச்சரிக்கையைக் கிரேக்கப் பிரதமர் மெட்டாக்சாஸ் மறுத்தார். அந்த நாள் இன்றும் "ஓஹி நாள்" என்ற பெயரிலேயே தேசிய விடுமுறை.

வாயைத் திறக்காமலும் "இல்லை" சொல்வார்கள். புருவத்தை உயர்த்தி, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, நாக்கால் "த்ஸ்" என்பார்கள். நம் வீடுகளில் "ப்ச்" என்பதற்கு என்ன பொருளோ அதுதான். பேருந்து நிலையத்தில் கேள்வி கேட்டுவிட்டு, அவர் பதிலே சொல்லவில்லை என்று நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பதில் புருவத்திலேயே வந்துவிட்டது.

கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையை எதிராளியின் முகத்துக்கு நேரே நீட்டுவது இங்கே கடும் அவமதிப்பு. "மூத்ஸ" என்பார்கள். வந்த புதிதில் சந்தையில் ஐந்து எலுமிச்சை கேட்க அப்படித்தான் கையை நீட்டினேன். கடைக்கார அம்மாவின் முகம் இறுகிவிட்டது. பக்கத்தில் நின்ற பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளங்கை என்னைப் பார்க்கும்படி திருப்பிவிட்டு, "பேந்தெ" என்று எனக்காகச் சொன்னார். அன்றைக்கு ஐந்து என்ற எண்ணைக் கற்றேன். இன்றுவரை மறக்கவில்லை.

பெரியவங்களை எப்படிக் கூப்பிடுறது? நீ, நீங்க மாதிரி ஏதாவது இருக்கா?

அப்படியே இருக்கிறது. "எஸீ" என்றால் நீ, "எஸீஸ்" என்றால் நீங்கள். நம்மைப் போலவே பன்மைதான் மரியாதை. "எப்படி இருக்கிறாய்" என்பது "தி கானிஸ்", "எப்படி இருக்கிறீர்கள்" என்பது "தி கானெதெ". ஆங்கிலம் வழியாகக் கிரேக்கம் படிப்பவர்கள் இதற்குத் திணறுவார்கள். நமக்கு விளக்கமே தேவையில்லை. வயதில் மூத்தவர், கடைக்காரர், அலுவலக அதிகாரி எல்லோருக்கும் "எஸீஸ்". நண்பர் வட்டத்தில் ஒரு "ரெ" சேர்த்துக்கொள்வார்கள். அது நம் "டா" போல. யாரிடம் "டா" போடலாம் என்ற அதே கவனம் இதற்கும் வேண்டும்.

ஆணுக்கு "கீரியெ", பெண்ணுக்கு "கிரீய" என்று சேர்த்து முதற்பெயரைச் சொன்னால் மரியாதையும் நெருக்கமும் ஒன்றாக வரும். இங்கே கவனிக்க வேண்டியது, "யோர்கொஸ்" என்பவரை அழைக்கும்போது "கீரியெ யோர்கொ" என்று ஸ் உதிரும். முருகனை "முருகா" என்று அழைக்கும்போது நாமும் ன்-ஐ உதிர்க்கிறோமே, அந்த விளி வேற்றுமைதான். ஸ் போடாமல் அழைக்கப் பழகிய நாளிலிருந்து என்னை ஊர்க்காரனாகவே நடத்தத் தொடங்கினார்கள்.

எதுக்கெடுத்தாலும் "கலோ", "கலீ"ன்னு ஏதோ சொல்றாங்க. எத்தனைதான் இருக்கு?

எண்ணி முடியாது. ஆனால் எல்லாம் ஒரே அச்சு. மாதத்தின் முதல் நாள் காலையில் எங்கள் தெரு ரொட்டிக்கடையில் வந்து நின்று பாருங்கள். கல்லாவில் இருக்கும் அம்மா ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே "கலோ மீன" என்பார். நல்ல மாதமாகட்டும் என்று பொருள். வாங்குபவர் அதையே திருப்பிச் சொல்வார். கதவைத் தள்ளிக்கொண்டு அடுத்து வருபவர் யார் முகத்தையும் பார்க்காமலே "கலோ மீன" என்பார். வரிசை முழுக்க முணுமுணுப்பாகப் பதில் வரும். முன்பின் தெரியாதவர்கள்தான், ஆனாலும் ஒருவரையும் விட மாட்டார்கள்.

திங்கட்கிழமை "கலீ எவ்தொமாத", நல்ல வாரம். பயணத்துக்கு "கலோ தக்ஸீதி". காரில் புறப்படுபவருக்கு "கலோ த்ரோமொ", நல்ல சாலை. சாப்பிட உட்கார்ந்தால் "கலீ ஓரெக்ஸி", நல்ல பசி. கோடை தொடங்கும்போது "கலோ கலொகேரி". ஆகஸ்ட் கடைசியில் விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பினால் "கலோ ஹிமோன", நல்ல குளிர்காலம். வெளியே வெயில் கொளுத்தும், நெற்றியைத் துடைத்துக்கொண்டே சொல்வார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு "கலீ லெஃப்தெர்யா" என்பார்கள். நல்ல விடுதலை என்று நேர்ப்பொருள். சுகப்பிரசவம் ஆகட்டும் என்று நாம் சொல்வதுதான். எனக்கு மிகப் பிடித்த வாழ்த்து இது.

இனி இலக்கணம். கிரேக்கத்தில் பெயர்ச்சொற்களுக்கு ஆண், பெண், அலி என மூன்று பால். "நல்ல" என்பது கலோஸ், கலீ, கலோ என்று அதற்கேற்ப மாறும். வாரம் பெண்பால், ஆகவே கலீ. பயணம் அலிப்பால், ஆகவே கலோ. மாதம், குளிர்காலம், சாலை மூன்றும் ஆண்பால்: மீனஸ், ஹிமோனஸ், த்ரோமொஸ். அப்படியானால் "கலோஸ் மீனஸ்" என்றல்லவா வர வேண்டும்? வராது. "உனக்கு நல்ல மாதத்தை வேண்டுகிறேன்" என்ற முழு வாக்கியத்தின் மிச்சம்தான் இந்த வாழ்த்து. செயப்படுபொருளுக்கு நாம் "ஐ" சேர்க்கிறோம். அவர்கள் ஆண்பால் சொல்லில் ஸ் உதிர்க்கிறார்கள். பெண்பாலும் அலிப்பாலும் ஒருமையில் அப்படியே நிற்கும். இருபது வாழ்த்து தெரிந்தால் இரண்டாம் வேற்றுமையும் மூன்று பாலும் தெரிந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அவங்க சொன்னதுக்குப் பதில் என்ன சொல்றது? நான் சிரிச்சிட்டு நின்னுடுறேன்.

பெரும்பாலும் அதையே திருப்பிச் சொன்னால் போதும். இல்லையென்றால் "எபீஸிஸ்", உங்களுக்கும் அப்படியே. சிலவற்றுக்குத்தான் தனிப் பதில். வீட்டுக்குப் போனால் "கலோஸ் ஈர்தெஸ்", நல்லபடியாக வந்தாய் என்பார்கள். அதற்குப் பதில் "கலோஸ் ஸெ வ்ரீக", நல்லபடியாக உன்னைக் கண்டேன். இந்தப் பதிலை ஒரு வெளிநாட்டவர் வாயிலிருந்து கேட்டால் அந்த வீட்டில் உங்களுக்கு இரண்டாவது தட்டு நிச்சயம்.

புதுச்சட்டை போட்டிருந்தாலும் முடி வெட்டியிருந்தாலும் "மெ யா", நலத்தோடு. புது வீடு, புது வண்டிக்கு "கலொரீஸிகொ", நல்ல அதிர்ஷ்டம் தரட்டும். உடம்பு சரியில்லாதவருக்கு "பெரஸ்திகா", கடந்துபோகட்டும். சமைத்தவருக்கு "யா ஸ்த ஹேர்ய ஸு", உன் கைகளுக்கு நலம். கைக்குத் தங்க வளையல் போடணும் என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்கள் சொல்வது இது. இவற்றுக்கெல்லாம் "எஃப்ஹரிஸ்தோ", நன்றி.

பிறந்தநாளை விடப் பெயர்நாள் பெரிசுன்னு சொல்றாங்களே, அது என்ன?

ஒவ்வொரு புனிதருக்கும் ஒரு நாள் உண்டு. அவர் பெயர் கொண்ட எல்லோருக்கும் அன்று "யொர்தீ", அதாவது கொண்டாட்டம். ஜனவரி 1 வஸீலிஸ், ஜனவரி 7 யானிஸ், மே 21 கோஸ்தஸும் எலேனியும், ஆகஸ்ட் 15 மரீய, அக்டோபர் 26 திமீத்ரிஸ். திமித்ரியோஸ் தெசலோனிக்கியின் காவல் புனிதர் என்பதால் அன்று ஊருக்கே விடுமுறை. பிறந்தநாளை நெருங்கியவர்தான் நினைவில் வைத்திருக்க முடியும். பெயர்நாள் பெயரிலேயே இருப்பதால் யாரும் தப்ப முடியாது. வாழ்த்து "ஹ்ரோன்ய பொலா", பல ஆண்டுகள். கொண்டாடுபவர்தான் மற்றவர்களுக்கு இனிப்போ காப்பியோ வாங்கித் தருவார். அந்த உபசாரத்துக்குக் "கேரஸ்ம" என்று பெயர்.

இதில் நமக்கு உடனே புரியும் ஒரு வழக்கம் இருக்கிறது. குழந்தைக்குத் தாத்தா பாட்டி பெயரை வைப்பார்கள். தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் தமிழில் "பெயரன்", பேச்சில் பேரன். இதை ஒரு கிரேக்கப் பாட்டியிடம் விளக்கிச் சொன்னபோது அவர் என் கையை விடவே இல்லை.

பெயர்நாளும் தெருப்பெயரும் ஆறாம் வேற்றுமையைக் கற்றுத்தரும். தெசலோனிக்கியின் பெருந்தெரு ஒன்று "அயீயு திமித்ரீயு". புனித திமித்ரியோஸின் தெரு என்று பொருள். ஒஸ் என்ற முடிவு உ ஆகிவிட்டது. பெண்களின் குடும்பப்பெயரும் இப்படியே: தந்தை பபதோபுலொஸ் என்றால் மகள் பபதொபூலு, அதாவது "பபதோபுலொஸின்" மகள்.

காப்பிக்கடையில என்ன சொல்லிக் கேக்கணும்? மெனுவைப் பார்த்தா தலை சுத்துது.

சிறு பிரீகிப் பாத்திரத்தில் பொடியோடு கொதிக்க வைத்து, மேலே நுரை தங்கும்படி இறக்குவது "எலினிகோஸ்", கிரேக்கக் காப்பி. அந்த நுரை "கய்மாகி". சர்க்கரை கொதிக்கும்போதே சேரும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: சர்க்கரை இல்லாமல் "ஸ்கேதொஸ்", நடுத்தரம் "மேத்ரியொஸ்", இனிப்பு "க்ளிகோஸ்". கேட்கும்போது "ஏனன் எலினிகோ ஸ்கேதொ, பரகலோ". இரண்டு ஸ்-உம் உதிர்ந்ததைக் கவனித்தீர்களா? வாழ்த்தில் பார்த்த அதே வேற்றுமை. முன்பு இதைத் துருக்கிக் காப்பி என்றே அழைத்தார்கள். 1974ல் துருக்கிப் படை சைப்ரஸில் இறங்கிய பிறகு அந்தப் பெயர் கடைகளிலிருந்து மறைந்தது.

குளிர்ந்த "ஃப்ரப்பே" இந்த ஊரில் பிறந்தது. 1957ல் தெசலோனிக்கி வர்த்தகக் கண்காட்சியில் நெஸ்லே பிரதிநிதி திமித்ரிஸ் வகோந்தியோஸ், வெந்நீர் கிடைக்காமல் காப்பித்தூளையும் குளிர்நீரையும் குலுக்கிக் குடித்ததில் தொடங்கியது. காப்பியோடு தண்ணீர் கேட்காமலே வரும். அடியில் தங்கும் மண்டியைக் குடித்துவிடாதீர்கள். ஒரு காப்பிக்கு இரண்டு மணி நேரம் உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். கேட்டுப் பழக இதைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியாது. அங்கே காப்பி "கஃபெதாகி" ஆகும், தண்ணீர் "நெராகி" ஆகும். அந்த "ஆகி" செல்லம் கொஞ்சும் விகுதி.

எண்ணும் கிழமையும் மனசுல நிக்கவே மாட்டேங்குது.

சந்தைக்குப் போங்கள். ஒவ்வொரு பேட்டைக்கும் வாரத்தில் ஒரு நாள் தெருச்சந்தை கூடும். "லயிகீ" என்பார்கள். "போஸொ கானி?", எவ்வளவு? "ஏன கிலோ", "மிஸோ கிலோ", ஒரு கிலோ, அரைக் கிலோ. வியாபாரிகள் விலையைக் கூவிக்கொண்டே இருப்பதால் எண்கள் காதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

கிழமைகளும் எண்கள்தான். திங்கள் "தெஃப்தேர", இரண்டாவது. செவ்வாய் "த்ரீதி", மூன்றாவது. புதன் "தெதார்தி", வியாழன் "பேம்ப்தி". வாரம் ஞாயிற்றில் தொடங்குவதால் இந்தக் கணக்கு. நாமும் ஞாயிறு, திங்கள் என்றுதான் எண்ணத் தொடங்குகிறோம். வெள்ளி "பரஸ்கெவீ", ஓய்வுநாளுக்கான ஆயத்தம். சனி "ஸாவதொ". ஞாயிறு "கிரியகீ", ஆண்டவருடைய நாள்.

நான் சுத்த சைவம். என்ன சொல்லிக் கேட்டா மாட்டிக்காம சாப்பிடலாம்?

"நிஸ்தீஸிமொ" என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். விரத உணவு என்று பொருள். கறி, மீன், முட்டை, பால் எதுவும் இருக்காது. ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்புக் காலத்தில் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். அந்த நோன்பு தொடங்கும் "கதரா தெஃப்தேர", தூய திங்கள், ஈஸ்டருக்கு 48 நாள் முன்பு வரும். அன்று "லகான" என்ற தட்டை ரொட்டி சாப்பிட்டுப் பட்டம் விடுவார்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை: கணவாய், எண்காலி, இறால் விரதத்தில் சேர்த்தி. அதனால் "ஹொரீஸ் தலஸினா", கடலுணவு இல்லாமல், என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆலிவ் எண்ணெயில் வெந்த காய்கறிகள் "லதெரா". வெள்ளை மொச்சைச் சூப் "ஃபஸொலாத". வேகவைத்த கீரை "ஹோர்த". திராட்சை இலையில் சோறு பொதிந்த தொல்மதாக்யவில் கறி இல்லாத வகைக்கு "யலந்த்ஸீ" என்று பெயர். துருக்கியில் பொய்யன் என்று பொருள், கறி இருப்பதுபோல் ஏமாற்றுவதால்.

பலகையில ஒண்ணு எழுதியிருக்கு, வாயில வேற ஒண்ணு சொல்றாங்க. எது சரி?

இரண்டும் சரி. ரொட்டிக்கடைப் பலகையில் "அர்தொபியீயொ" என்றிருக்கும். மக்கள் "ஃபூர்னொஸ்" என்பார்கள். நம் ஊரில் பலகையில் "அடுமனை" என்று எழுதிவிட்டுப் பேக்கரி என்று சொல்வதில்லையா? மீன்கடை பலகையில் "இஹ்தியொபொலீயொ", வாயில் "ப்ஸராதிகொ". புட்டியில் மது "ஈனொஸ்", மேசையில் "க்ரஸீ". பழங்காலத்தில் மதுவில் தண்ணீர் கலந்தே குடித்தார்கள். கலவை என்ற சொல்தான் க்ரஸீ ஆனது. தண்ணீருக்கு "நெரோ" என்ற பெயரும் புதிய நீர் என்பதில் "புதிய" மட்டும் மிஞ்சியதால் வந்தது.

இதன் பின்னால் பெரிய சண்டை இருக்கிறது. தூய்மைப்படுத்திய எழுத்து நடைக்கும் மக்கள் மொழிக்கும் நூற்றாண்டுக்கு மேல் இழுபறி. 1901ல் நற்செய்தி நூலை மக்கள் மொழியில் பெயர்த்ததற்கு ஏதென்ஸில் கலவரம் வெடித்து எட்டுப் பேர் இறந்தார்கள். 1976ல்தான் மக்கள் மொழி அரசுமொழியானது. செந்தமிழும் பேச்சுத்தமிழும் இரண்டு தண்டவாளமாக ஓடும் மொழியில் வளர்ந்த நமக்கு இது பழகிய வீடு. பேசுவதற்கு மக்கள் சொல்லைப் படியுங்கள், பலகைச் சொல்லை அடையாளம் கண்டுகொண்டால் போதும்.

அழுத்தம் மாறினா அர்த்தமே மாறிடுமா?

மாறும். "போதெ" என்றால் எப்போது, "பொதே" என்றால் ஒருபோதும் இல்லை. "நோமொஸ்" சட்டம், "நொமோஸ்" மாவட்டம். தமிழில் அழுத்தம் பொருளை மாற்றாது. அதனால் நம்மவர்களுக்குக் கிரேக்கத்தில் உண்மையிலேயே கடினமானது இது ஒன்றுதான் என்பேன். நல்ல வேளையாக, ஓரசைச் சொற்களை விட்டால் எல்லாச் சொல்லிலும் அழுத்தக் குறி அச்சாகிறது. 1982க்குப் பிறகு அந்தக் குறியும் ஒன்றே ஒன்றுதான். குறி இல்லாமல் ஒரு சொல்லையும் மனப்பாடம் செய்யாதீர்கள்.

எதையும் ரெண்டு தடவை சொல்றாங்களே?

நம்மைப் போலவே. "ஸிகா ஸிகா" மெல்ல மெல்ல, "ஆக்ரி ஆக்ரி" ஓரமா ஓரமா, "லீகொ லீகொ" கொஞ்சம் கொஞ்சமா. தமிழில் எங்கே இரட்டிப்பீர்களோ அங்கே துணிந்து இரட்டியுங்கள், பெரும்பாலும் பொருந்தும்.

அவங்களுக்கும் கண்ணேறு உண்டா? குழந்தையைப் பார்த்து துப்புறாங்கன்னு ஒருத்தர் சொன்னார்.

உண்டு. "மாதி" என்றால் கண், கண்ணேறும் அதுதான். குழந்தையை அழகு என்று சொன்னால் கூடவே "ஃப்தூ ஃப்தூ ஃப்தூ" என்று மூன்று முறை துப்புவதுபோல் ஒலிப்பார்கள். தண்ணீரில் எண்ணெய்ச் சொட்டு விட்டு, மந்திரம்போல் ஒரு வேண்டுதலை முணுமுணுத்துக் கண் கழிப்பார்கள். மிளகாய் சுற்றிப் போட்டு மூன்று முறை துப்பச் சொல்லும் வீட்டில் வளர்ந்தவருக்கு விளக்கம் வேண்டாம். அன்புக்கும் அதே கண்தான்: "மாத்ய மு" என்றால் என் கண்ணே. கண் என்ற ஒரே சொல்லில் பாசத்தையும் பயத்தையும் வைத்த இரண்டு மொழிகள்.

ஈஸ்டர் சமயத்துல வரேன். என்ன தெரிஞ்சிருக்கணும்?

ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் தேதி பல ஆண்டுகளில் கத்தோலிக்க ஈஸ்டரிலிருந்து மாறுபடும், நாட்காட்டியைப் பாருங்கள். புனித வாரத்தில் வாழ்த்து "கலீ அனாஸ்தஸி", நல்ல உயிர்த்தெழுதல். வியாழனன்று முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள். வெள்ளி இரவு பூ அலங்கரித்த "எபிதாஃபியொஸ்", அதாவது கிறிஸ்துவின் கல்லறையைக் குறிக்கும் பீடம், தெருவில் ஊர்வலமாக வரும்.

சனி நள்ளிரவு கோயில் முற்றத்தில் விளக்குகள் அணையும். எருசலேமிலிருந்து விமானத்தில் வந்த நெருப்பு பாதிரியார் மெழுகுவர்த்தியிலிருந்து முன்வரிசைக்கு, அங்கிருந்து அடுத்தவருக்கு என்று கை மாறி வரும். இருட்டில் முகங்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். "ஹ்ரிஸ்தோஸ் அனேஸ்தி", கிறிஸ்து உயிர்த்தார் என்று பக்கத்திலிருப்பவர் சொல்வார். பதில் "அலிதோஸ் அனேஸ்தி", மெய்யாகவே உயிர்த்தார். அணையாமல் சுடரை வீட்டுக்குக் கொண்டுபோய், நிலைப்படியின் மேல் அதன் புகையால் சிலுவை வரைவார்கள். அடுத்த நாற்பது நாள் வணக்கத்துக்குப் பதில் இந்த இரண்டு வாக்கியம்தான். அலுவலகத்தில், கடையில், தொலைபேசியில்கூட.

துக்க வீட்டுக்குப் போனா என்ன சொல்லணும்?

"ஸிலிபிதீரிய", அனுதாபங்கள். நெருங்கியவர் என்றால் "ஸொயீ ஸெ ஸாஸ்", உங்களுக்கு ஆயுள். கசப்புக் காப்பியும் பிராந்தியும் தருவார்கள். நாற்பதாம் நாள் நினைவு வழிபாட்டில் வேகவைத்த கோதுமையில் மாதுளை, சர்க்கரை சேர்த்த "கோலிவ" கொடுப்பார்கள். மறுக்காமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆட்டம் தெரியாது, ஊர்த் திருவிழாவுல கையைப் பிடிச்சு இழுத்துட்டாங்க. எப்படிக் காலை வைக்கிறது?

பெரும்பாலும் அது "கலமத்யனோஸ்" ஆக இருக்கும். ஏழு எண்ணிக்கை, 3+2+2. நமக்கு மிஸ்ரசாபு: த-கி-ட, த-க-தி-மி. அதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே பக்கத்தில் இருப்பவர் காலைப் பாருங்கள். வட்டத்தின் கடைசியில் சேருங்கள். முன்னால் நின்று வழிநடத்துவது தெரிந்தவருக்கான இடம்.

சைப்ரஸுக்குப் போகப் போறேன். இதே கிரேக்கம்தானா?

எழுத்தில் இதே. பேச்சில் நிறைய வேறுபாடு. இலங்கையிலிருந்து வீட்டுவேலைக்குப் போனவர்கள் அங்கே காதால் கற்பது சைப்ரஸ் பேச்சைத்தான், ஏதென்ஸ் கிரேக்கத்தை அல்ல. ஆனால் தமிழ்க் காதுக்கு அது வசதியானது. அங்கே இரட்டை மெய் உயிரோடு இருக்கிறது: "மற்றவன்" ஏதென்ஸில் "ஆலொஸ்", சைப்ரஸில் "ஆல்லொஸ்". பலி-பல்லி வேறுபாடு கேட்கும் காது நமக்கு உண்டு. "மற்றும்" என்ற "கெ" அங்கே "ச்செ" ஆகும். கன்னடத்தில் "கிவி" தமிழில் "செவி" ஆன அதே மாற்றம்.

சங்க இலக்கியத்துல யவனர் வர்றாங்களே, ரெண்டு மொழிக்கும் உறவு இருக்கா?

மொழிக்குடும்ப உறவு இல்லை. கிரேக்கம் இந்தோ-ஐரோப்பியம், தமிழ் திராவிடம். வணிக உறவு உண்டு. முசிறியிலிருந்து சரக்கேற்றிய கப்பலுக்கான இரண்டாம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம் கிரேக்கத்தில் எழுதப்பட்டு, வியன்னாவில் இருக்கிறது. பஞ்சாங்கத்தில் பார்க்கும் "ஓரை" கிரேக்கச் சொல். இன்றும் மணி கேட்க "தி ஓர ஈனெ?" என்பார்கள். தினசரிக் காலண்டரில் பார்த்த சொல்லை ஏதென்ஸ் பேருந்தில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சான்றிதழுக்குத் தேர்வு இருக்கா?

இருக்கிறது. தெசலோனிக்கியில் உள்ள கிரேக்க மொழி மையம் ஏ1 முதல் சி2 வரை நடத்துகிறது. பேச்சுத் தேர்வும் அதில் உண்டு என்பதால் சந்தையும் காப்பிக்கடையும் வீண்போகாது.

நான் கிரேக்கத்துல கேட்டா அவங்க இங்கிலீஷ்ல பதில் சொல்றாங்க. என்ன பண்றது?

"ஸ்த எலினிகா, பரகலோ", கிரேக்கத்தில் சொல்லுங்கள் என்று கேளுங்கள். உதவுவதாக நினைத்துத்தான் ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள். இன்னொரு வழி, ஆங்கிலத்தில் பதில் இல்லாததைச் சொல்வது. "கலோ மீன"வுக்கு யாரும் ஆங்கிலத்தில் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

வாழ்த்தைத் தப்பான இடத்துல சொல்லிட்டா கோவிச்சுக்குவாங்களா?

மாட்டார்கள், திருத்துவார்கள். ஆனாலும் சிலவற்றில் கவனம் வேண்டும். பண்டிகையில் "கெ து ஹ்ரோனு", அடுத்த ஆண்டும் இப்படியே, என்பது அழகான வாழ்த்து. நோயாளியிடமும் துக்கத்திலும் அதைச் சொல்லிவிடக் கூடாது. திருமணத்தில் மணமக்களுக்கு "ந ஸீஸெதெ", வாழ்க. அங்கே திருமணமாகாதவராக நீங்கள் நின்றால் உங்களுக்கும் ஒன்று வரும்: "கெ ஸ்த திகா ஸு", அடுத்தது உன்னுடையது.

இங்கே புதிதாக வந்த தம்பி ஒருவர் புனித வெள்ளியன்று எங்கள் கீழ்வீட்டுப் பாட்டியிடம் "ஹ்ரோன்ய பொலா" என்றார். பாட்டி முட்டைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் இல்லை, பெதீ மு. இன்றைக்குக் கலீ அனாஸ்தஸி" என்றார். பெதீ மு என்றால் என் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் மறுபடி போய்க் கதவைத் தட்டி, "ஹ்ரிஸ்தோஸ் அனேஸ்தி" என்றார். பாட்டி பதிலைச் சொல்லிவிட்டு அவர் கையில் ஒரு சிவப்பு முட்டையைக் கொடுத்து, தன் முட்டையை அதன்மேல் மோதச் சொல்லி நீட்டினார்.